பதில் வந்தால் உள்ளே வா

மார்ச் 3, ஞாயிறு

காலையில் இந்தியக் கடைக்குப் போய் பொன்னி அரிசி மூட்டை ஒன்று வாங்கி வந்தோம். வழக்கம்போல நெல்லையப்பன் அதைத் தன் அறை அலமாரிக்குள் இறக்கினான். சமையலறையில் வைத்தால் இந்த டெக்சாஸ் ஈரப்பதத்துக்கு வண்டு விழும். அவனுடைய சாமி படங்களும் அதே அலமாரியில்தான். எனக்குச் சாமி கிடையாது. அரிசி உண்டு. அதனால் தினமும் இரண்டு முறை அவன் அறைக்குள் போகிறேன்.

போன மாதம் பெட்ரோல் பங்க்கில் ஒருத்தன் அவன் முகத்துக்கு நேரே துப்பாக்கியை நீட்டி பர்ஸைப் பிடுங்கிக்கொண்டு போனான். அதிலிருந்து மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை முடிந்ததும் நேராக வீடுதான். ஜன்னல் பட்டையை விலக்கிக் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். கூட வேலை பார்க்கும் எர்ல் என்ற கிழவர், "இந்த நாட்டில் தன்னைக் காத்துக்கொள்வது ஒவ்வொரு மனிதனின் உரிமை, அரசியல் சட்டமே சொல்கிறது" என்றாராம்.

"காருக்கு ஒரு டாஷ்கேம் கேமரா வாங்கி மாட்டு" என்றேன்.

"நீ ஒரு மிஷினுடே" என்றான்.

நான் சுத்திகரிப்பு நிலையங்களின் கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதுகிறவன். மிஷின் என்பது எனக்கு வசவு இல்லை.

ஏப்ரல் 6, சனி

இன்று ஒரு தேவையில்லாத சண்டை.

படியை எடுத்துக்கொண்டு அரிசிக்குப் போனேன். நெல்லையப்பன் வீடியோ காலில் இருந்தான். எதிரே பாளையங்கோட்டையிலிருந்து அவனுக்கு நிச்சயம் செய்திருக்கும் பெண்ணின் அப்பா. என் தலை தெரிந்ததும் அவரே கூப்பிட்டார். "தம்பி, நீங்களும் அங்கதான் இருக்கியளா? நம்ம மாப்பிள்ளைக்கு வேலை விசா எப்பம் வரும்? கேட்டா, வந்துரும் வந்துரும்ங்காரு."

கேட்டார், சொன்னேன். "விசா குலுக்கல்ல இந்த வருஷமும் பேரு வரல மாமா. ரெண்டு தடவை ஆச்சு. இன்னும் ஒரு வாய்ப்புதான் இருக்கு. அதுலயும் வரலைன்னா ஊருக்குத்தான்."

படத்தில் மின்விசிறி மட்டும் சுற்றியது.

அழைப்பு முடிந்ததும் நெல்லையப்பன் எழுந்து நின்றான். "ஏல, ஒன்னிய ஆரு கேட்டா?"

"அவர்தான் கேட்டார்."

"நான் அடுத்த வாரம் பக்குவமா சொல்லலாம்னு இருந்தேன்."

"அடுத்த வாரம் சொன்னா குலுக்கல் முடிவு மாறிடுமா?"

படியைப் பிடுங்கி அரிசியை அளந்து, என் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்தான். அவனுடைய பிரச்சினை தகவலோடு. தகவலைச் சொன்னவனோடு சண்டை போட்டு என்ன பயன்?

ஏப்ரல் 7, ஞாயிறு

அவன் அறைக் கதவில் ஒரு தாள். கறுப்பு மார்க்கரில், பெரிய எழுத்தில்: தட்டு. பதில் வந்தால் உள்ளே வா.

இருப்பது இரண்டே பேர். யாருக்கு எழுதியிருக்கிறான் என்று நான் கேட்கவில்லை.

சமையலறையில் ஒரு டப்பா நிறைய அரிசி வைத்திருக்கிறான். டப்பா காலியானால் அவனே நிரப்புவான் போல.

ஏப்ரல் 21, ஞாயிறு

சின்ன குக்கர் ஒன்று வாங்கினேன். ஒரு ஆளுக்குச் சரியாக இருக்கிறது.

மே 5, ஞாயிறு

பேச்சில்லை. பாத்திரம் கழுவும் முறை மட்டும் மாறாமல் நடக்கிறது. டப்பாவில் அரிசி எப்போதும் இருக்கிறது. இருமுறை கதவைத் தட்டினேன். ஒருமுறை பதில் வரவில்லை. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

மே 18, சனி

காலையில் போலீஸ். ஒருவர்தான், இளவயசு, மரியாதையான ஆள். கீழ்வீட்டுக்காரரின் டிரக் கண்ணாடியை உடைத்து உள்ளே இருந்த கைத்துப்பாக்கியை யாரோ எடுத்துப் போய்விட்டார்களாம். வீடு வீடாக விசாரிக்கிறார். வாசலில் நிற்க வைத்துப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து ஃபில்டர் காபி கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்றார். இந்த வீட்டில் நான் போட்ட காபியை யாராவது குடித்து ரொம்ப நாளாயிற்று.

சுற்றிப் பார்க்கலாமா என்று கேட்டார். மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. பாருங்கள் என்றேன். ஹால், என் அறை, குளியலறை. பிறகு நெல்லையப்பனின் அறை. அவன் சனிக்கிழமை அரைநாள் வேலைக்குப் போயிருந்தான். நீங்கள் அதற்குள் போவதுண்டா என்று கேட்டார். எப்போதும் போவேன், எங்கள் அரிசி அங்கேதான் இருக்கிறது, எல்லாம் பொது, அண்ணன் தம்பி மாதிரி என்றேன். கதவைத் திறந்தேன்.

அலமாரியில் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு ஷூ பெட்டி. அதற்குள் துப்பாக்கி.

துப்பாக்கியில் இருந்த எண்ணைப் போனில் சொல்லிச் சரிபார்த்தார். கீழ்வீட்டுக்காரருடையது இல்லை. ஆனால் அவர் போகவில்லை. நெல்லையப்பன் யார், எந்த ஊர், என்ன விசா என்று விசாரித்தார். யார் யாரிடமோ பேசினார். மதியம் நெல்லையப்பன் வந்ததும் கேட்டார்கள். "என்னுடையதுதான். எர்லிடம் வாங்கினேன்" என்று உடனே ஒப்புக்கொண்டான். தப்பு என்று அவனுக்குத் தெரியவே இல்லை. படிப்பு முடிந்தும் அவன் இன்னும் மாணவர் விசாவில்தான் வேலை பார்க்கிறான். அந்த விசாவில் இருக்கிறவன் துப்பாக்கி வைத்திருந்தால் மத்திய அரசுச் சட்டப்படி குற்றமாம். கையில் விலங்கு போட்டுக் கூட்டிப்போனார்கள்.

என்னை அவன் பார்க்கவில்லை. தன் அறைக் கதவைத்தான் பார்த்தான்.

காபி டம்ளரைக் கழுவி வைத்தேன்.

மே 23, வியாழன்

அவனுக்கு நீதிமன்றம் கொடுத்திருக்கும் வக்கீல் டெனிஸ் ஹால்பர்ட் போன் செய்தார். ஐம்பது வயசிருக்கும், புகைபிடிப்பவரின் குரல். சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறதாம். விசாவில் இருப்பவரிடம் வேட்டை உரிமம் இருந்தால் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். "உங்கள் நண்பர் எப்போதாவது வேட்டைக்குப் போனதுண்டா?"

"அவன் முட்டைகூடத் தொடமாட்டான்" என்றேன்.

"மானைச் சுட வேண்டியதில்லை. உரிமம் வாங்கியிருந்தால் போதும்" என்றார்.

ஒரு கடையில் போய் விண்ணப்பித்திருந்தால் இந்த வழக்கே இல்லை. இந்தத் தர்க்கத்தை யார் எழுதினார்கள் என்று தெரியவில்லை. என் குழுவில் ஒருத்தன் இப்படி எழுதியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஜூன் 6, வியாழன்

ஜாமீன் கிடைத்துவிட்டது. பாஸ்போர்ட் நீதிமன்றத்தில். கோயில் விருந்தினர் அறையில் தங்கியிருக்கிறான். பரிசோதனைக் கூடம் வேலையை விட்டு நீக்கிவிட்டது. நான் அரசுத் தரப்பு சாட்சி. அதனால் அவன் என்னோடு பேசக்கூடாது என்று உத்தரவு.

ஏற்கெனவே பேசவில்லை. இப்போது அதற்கு நீதிபதி கையெழுத்து.

ஜூன் 12, புதன்

அலுவலகத்தில் மதிய உணவு நேரத்தில் விஷயம் வெளியே வந்துவிட்டது. டெனிஸ் இரண்டு மனுக்கள் போட்டிருக்கிறார். ஒன்று, ஆயுதம் வைத்திருக்கும் உரிமை "மக்களுக்கு" என்று அரசியல் சட்டத் திருத்தம் சொல்கிறது, இங்கே வரி கட்டி வாழும் விசாக்காரனும் மக்களில் சேர்த்திதான் என்பது. இரண்டு, வாரண்ட் இல்லாமல் அவன் அறையைச் சோதித்தது செல்லாது என்பது.

ரஸ்ஸல் என்பவர் வீட்டில் பதினோரு துப்பாக்கி வைத்திருப்பவர். "துப்பாக்கி எல்லாருடைய உரிமை" என்று மேசையைத் தட்டியவர், "விசாவில் வந்தவனுக்குமா?" என்று யாரோ கேட்டதும் சாண்ட்விச்சைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். மேகன் வெளிநாட்டவர் உரிமைக்காக ஊர்வலம் போகிறவள். அவளுக்கு வேறு சிக்கல். "அவரும் மக்கள்தான். ஆனால் மக்கள் யாரிடமும் துப்பாக்கி இருக்கக்கூடாது."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "பரிதி, நீ என்ன நினைக்கிறாய்?"

"அவனுக்குப் பயமாக இருந்தது. அதனால் வாங்கினான்" என்றேன். அது விவாதத்துக்கு உதவவில்லை. பேச்சு கால்பந்துக்கு மாறியது.

ஜூலை 4, வியாழன்

சுதந்திர தினம். தீபாவளிக்கு இங்கே லீவு கிடையாது, இந்த வெடிக்கு உண்டு. துணி துவைத்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

சமையலறை டப்பாவில் அரிசி தீர்ந்துவிட்டது. நிரப்ப ஆளில்லை. மூட்டை அவன் அறையில். வழக்கு முடியும்வரை அந்த அறையை அப்படியே விடச் சொல்லியிருக்கிறார் டெனிஸ். சப்பாத்தி பாக்கெட் வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 24, சனி

டெனிஸின் அலுவலகம். போலீஸ்காரரின் சட்டையில் மாட்டியிருந்த கேமராவின் பதிவைப் போட்டுக் காட்டினார்.

நான் நினைத்ததைவிடக் குண்டாக இருக்கிறேன். காபி கொடுக்கும்போது தேவைக்கு அதிகமாகச் சிரிக்கிறேன். ஊர் நெய்வேலி, அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தார் என்றெல்லாம் கேட்காமலே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிறகு அந்தக் கதவு. போலீஸ்காரரின் விரல் தாளைக் காட்டுகிறது. "இதில் என்ன எழுதியிருக்கிறது?"

என் குரல்: "பிரார்த்தனை. சாமி வாசகம்."

டெனிஸ் பதிவை நிறுத்தவில்லை. திரையில் என் கை உயர்ந்து கதவை இரண்டு முறை தட்டியது. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். தலையைச் சாய்த்துக்கூடக் கேட்கிறேன். அப்புறம் குமிழைத் திருப்பினேன்.

இப்போதுதான் நிறுத்தினார். "மொழிபெயர்ப்பாளர் அந்தத் தாளைப் படித்துவிட்டார். அது பிரார்த்தனை இல்லை. அது போகட்டும். உள்ளே ஆள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். ஏன் தட்டினீர்கள்?"

நினைவில்லை என்றேன்.

சிகரெட் டப்பாவை மேசையில் உருட்டிக்கொண்டே சொன்னார்: "உங்களுக்கு அந்த அறைக்குள் போகும் உரிமை இருந்தால் சோதனை செல்லும். உரிமை இருப்பதாக அந்தப் போலீஸ்காரர் நியாயமாக நம்பியிருந்தாலும் செல்லும். அண்ணன் தம்பி மாதிரி என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். அவர் ஏன் நம்பியிருக்கக்கூடாது? இவ்வளவிலும் என் கட்சிக்காரருக்குச் சாதகமாக இருப்பது அந்த இரண்டு தட்டுதான். குற்றம் உறுதியானால் சிறை, பிறகு நாடு கடத்தல், திரும்பி வரவே முடியாது."

கிளம்பும்போது, "உங்களுக்கென்று தனியாக ஒரு வக்கீல் பார்த்துக்கொள்ளுங்கள். இதை என் கட்சிக்காரருக்காகச் சொல்லவில்லை, உங்களுக்காகச் சொல்கிறேன்" என்றார்.

வரும் வழியில் கார் டயருக்குக் காற்று அடித்தேன்.

செப்டம்பர் 7, சனி

எனக்கு வாய்த்த வக்கீல் சின்னப் பையன் மாதிரி இருக்கிறார், ஆனால் வேகமாக யோசிக்கிறார். சொன்னது இது. விசாரணை செய்யும் போலீஸிடம் பொய் சொன்னேன் என்று நானே கூண்டில் ஒப்புக்கொண்டால், வழக்கு வராது என்று உத்தரவாதம் தர முடியாது. வந்தால் என் விசாவும் போகும். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லாமல் இருக்கும் உரிமை விசாக்காரனுக்கும் உண்டு. அதில் "மக்கள்" தகராறு இல்லை. "கேட்டால், பதில் சொல்ல விரும்பவில்லை என்று சொல்லுங்கள். அவ்வளவுதான்."

"நான் சொல்லாவிட்டால் அவனுக்கு என்ன ஆகும்?"

"அவர் என் கட்சிக்காரர் இல்லை."

நேர்மையான பதில். நானாக இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

எங்கள் துறையில் அடிப்படை விதி ஒன்று உண்டு. கம்பி அறுந்து சிக்னல் வரவில்லை என்றால் வால்வு தானாக மூடிக்கொள்ள வேண்டும். பதில் இல்லை என்றால் இல்லை என்று அர்த்தம். முதல் வருஷத்துப் பையனுக்கும் இது தெரியும்.

செப்டம்பர் 10, செவ்வாய்

நீதிமன்றத்தில் மனு விசாரணை. முதலில் அரசு வக்கீல். "எல்லாம் பொது, அண்ணன் தம்பி மாதிரி என்று சொன்னீர்களா?"

"சொன்னேன்."

"அது உண்மையா?"

"அண்ணன் தம்பிகளும் பேசாமல் இருப்பதுண்டு" என்றேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி நீதிபதி சொன்னார்.

அடுத்து டெனிஸ். பதிவைப் போட்டார். பெரிய திரையில் என் கை. தட்டும் சத்தம் அந்தக் கூடத்தில் பலமாகக் கேட்டது. நெல்லையப்பன் யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டில் உட்கார்ந்திருந்தான். கோட்டின் தோள் தொங்கியது. அதுவரை குனிந்திருந்தவன் அந்தச் சத்தத்துக்கு நிமிர்ந்தான்.

"அறையில் ஆள் இல்லை. ஏன் தட்டினீர்கள்?"

என் வக்கீல் எழுந்தார். நீதிபதி என் பக்கம் திரும்பி, இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு, புரிகிறதா என்று நிதானமாகக் கேட்டார். புரிகிறது என்றேன். என் வக்கீல் எனக்கு மட்டும் தெரியும்படி தலையை அசைத்தார், வேண்டாம் என்று.

"தட்டாமல் வரக்கூடாது என்று அவன் சொல்லியிருந்தான்" என்றேன். "தட்டி, பதில் வந்தால்தான் போகலாம்."

"வந்ததா?"

"இல்லை."

"பிறகு ஏன் திறந்தீர்கள்?"

"போலீஸ்காரர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் அவரிடம் அண்ணன் தம்பி என்று சொல்லியிருந்தேன். நான் குடியிருக்கும் வீட்டிலேயே ஒரு அறைக்குள் போக எனக்கு அனுமதி இல்லை என்று ஒரு வெளியாளிடம் சொல்ல வரவில்லை."

"அந்தத் தாளில் இருப்பது பிரார்த்தனையா?"

"இல்லை. அது சாமிக்கு எழுதியது இல்லை. எனக்கு எழுதியது."

மொழிபெயர்ப்பாளர் அம்மா, தேவைப்படாமலே, தாளில் இருந்ததை ஒருமுறை தமிழில் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். எனக்குக் கேட்டது.

வெளியே வந்ததும் என் வக்கீல் கைகொடுத்தார். "முட்டாள்தனம்" என்றார்.

பார்க்கிங்குக்கு அபராதச் சீட்டு வேறு.

அக்டோபர் 3, வியாழன்

தீர்ப்பு வந்துவிட்டது. டெனிஸ் அனுப்பினார். முழுவதும் படித்தேன். ஆளில்லாத அறையின் கதவை ஒருவன் தட்டுகிறான், பதிலுக்குக் காத்திருக்கிறான், வராமல் திறக்கிறான். இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு காவலர் குறைந்தது இன்னும் ஒரு கேள்வியாவது கேட்டிருக்க வேண்டும் என்று நீதிபதி எழுதியிருக்கிறார். சோதனை செல்லாது. துப்பாக்கியும் அவன் ஒப்புக்கொண்டதும் சாட்சியத்தில் சேராது. சாட்சியம் இல்லாததால் அரசு வழக்கைக் கைவிடுகிறது.

"மக்கள்" என்றால் யார் என்ற கேள்விக்கு இந்த வழக்கில் பதில் தேவைப்படவில்லை என்று விட்டுவிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. அலாரத்தின் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் அணைத்துவிட்டால் மறுபடியும் அடிக்கும்.

என்மேல் இதுவரை நடவடிக்கை எதுவும் இல்லை. இனியும் இருக்காது என்று என் வக்கீல் நினைக்கிறார். நினைக்கிறார், அவ்வளவுதான்.

நெல்லையப்பன் வழக்கில் ஜெயித்துவிட்டான். ஆனால் வேலையில்லாமல் இத்தனை நாள் ஆனதால் விசா செத்துப்போயிற்று. ஊருக்குப் போகிறான்.

அக்டோபர் 19, சனி

பெல் அடித்தது. திறந்தால் நெல்லையப்பன். கையில் இரண்டு காலிப் பெட்டிகள். கீழே கோயில் ஆளின் கார்.

"சாவி உங்கிட்ட இருக்குல்ல?" என்றேன்.

"இருக்கு. அதுக்காவ தொறந்துட்டு வந்துர முடியுமா?"

துணிகளை எடுத்து வைத்தான். சாமி படங்களைத் துண்டில் சுற்றினான். நான் நிலையில் நின்றேன், அறைக்கு வெளியே. உள்ளே வா என்று அவன் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

"சாமி வாசகம்னு சொன்னியாம்லா. எந்தச் சாமிடே?"

"வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

"நல்ல சாமி. தட்டுனா தொறக்காத சாமி."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை.

"துப்பாக்கி வாங்கினதை எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லிருந்தா நீ எங்க மாமாட்ட சொல்லிருப்ப."

சொல்லியிருப்பேன்தான், அவர் கேட்டிருந்தால்.

"அந்தப் பொண்ணு?"

"அவ சரிங்கா. அவ அப்பாதான் யோசிக்காரு."

"காபி போடட்டுமா?"

"போலீசுக்குப் போட்ட காப்பியா? வேண்டாம்டே." பெட்டியைப் பூட்டினான். நான் போட்டுக் கொடுத்தேன். நின்றபடியே குடித்தான்.

கூண்டில் நான் சொன்னதைப் பற்றி அவன் பேசுவான் என்று எதிர்பார்த்தேன் என்று சொல்ல முடியாது. பேசவில்லை. அலமாரியைக் காட்டி, "அரிசிய நீ வச்சுக்கிடு. வத்தல் மொளகா போட்டு வச்சிருக்கேன், வண்டு விழாது" என்றான். சாவியை டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தான். கதவைத் தன் கையால் சாத்திவிட்டு, "வாரேன்" என்று படியிறங்கினான்.

தாள் நீதிமன்றத்தில் இருக்கிறது. கதவில் டேப் ஒட்டிய இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது.

அக்டோபர் 26, சனி

தமிழ்ச்சங்க வாட்ஸாப் குழுவில் விளம்பரம் போட்டேன். தனி அறை, பூட்டு உண்டு, சாவி வருகிறவரிடம் மட்டும். இரண்டு பேர் கேட்டார்கள். வாடகை பிடித்திருக்கிறது, என்னைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார்கள் போல. திரும்பக் கூப்பிடவில்லை.

நவம்பர் 2, சனி

தீபாவளி முடிந்து அலுவலகத்துக்கு ஸ்வீட் கொண்டுபோனது யாரோ, நான் இல்லை. சப்பாத்தி சலித்துவிட்டது. அரிசி எடுக்கலாம் என்று படியோடு போனேன்.

தட்டினேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, காலிப் படியோடு திரும்பினேன்.

இரவுக்கு ரவை உப்புமா கிண்டிக்கொண்டேன். உப்பு கொஞ்சம் கூடிவிட்டது.